பேஸ் கிட்டாருக்கு எடை குறைந்த ஆம்ப் ஹெட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: 5 ஸ்ட்ரிங் பேஸ். வாரத்துக்கு ஒன்றிரண்டு ரிகர்சல், மாதத்துக்குச் சில நிகழ்ச்சிகள். கையில் 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் (ஸ்பீக்கர் ஆம்ப்புக்குக் காட்டும் மின் எதிர்ப்பின் அளவு) கேபினெட் இருக்கிறது. பழைய ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பெட்டி) தூக்க முடியாத கனம். இப்போது 2, 3 கிலோவில் வரும் ஹெட்களில் 300 வாட் வாங்குவதா, 500 வாட் வாங்குவதா, 800 வாட் வாங்குவதா? இவ்வளவு சின்னப் பெட்டியில் பேஸின் கனம் குறைந்துவிடாதா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4 ஓமில் 500 வாட் என்று குறிப்பிட்டுள்ள கிளாஸ் டி (எடையும் சூடும் குறைந்த ஆம்ப் வகை) ஹெட் ஒன்றை வாங்குங்கள். 800 வாட் ஹெட்டுக்கு ஆகும் கூடுதல் பணத்தை எடுத்துவைத்து, இப்போதுள்ள கேபினெட்டைப் போலவே இன்னொரு 8 ஓம் கேபினெட் வாங்கப் பாருங்கள். வாட் எண்ணைப் பார்த்து ஹெட் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேடையில் கேட்கும் சத்தத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். ஹெட்டில் பார்க்க வேண்டியவை வேறு சில: எத்தனை ஓம் வரை தாங்கும், அடிநாதத்தை வெட்டும் ஃபில்டர் இருக்கிறதா, டிஐ (மிக்சருக்கு நேராகச் சிக்னல் அனுப்பும் அவுட்) எப்படி வேலை செய்கிறது, 230 வோல்ட்டில் ஓடுமா, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்.

எடை எப்படிக் குறைந்தது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்களில் ஓடும்) ஆம்ப். ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதில் பெரும்பகுதி இரும்பும் செம்பும்தான்: ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பின்னால் வந்த டிரான்சிஸ்டர் ஹெட்களில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மாற்றித் தரும் பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மரும், கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர்கள் கக்கும் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்கும் இருந்தன. இன்றைய ஹெட்டில் இரண்டுமே சுருங்கிவிட்டன. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, வரும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. அந்த வேகத்தில் அதே சக்தியைக் கடத்த உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோதான் இருக்கும், நடுநிலையில் நிற்காது. அதனால் சூடாக வீணாவது மிகக் குறைவு. முழுச் சக்தியில் ஓடும்போது உள்ளே போகும் சக்தியில் 90 சதவீதம் அளவுக்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும்.

ஆகவே எடை குறைந்ததால் பேஸ் மெலிவதில்லை. சிலருக்கு மெலிந்ததுபோலக் கேட்பதற்கு உண்மையான காரணங்கள் இரண்டு. வால்வு ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது மெல்ல மெல்ல நசுங்குகிறது. காதுக்கு அது கனமாகவும் இனிமையாகவும் படுகிறது, வாசிப்பவரும் அஞ்சாமல் திருகிக்கொண்டே போகிறார். கிளாஸ் டி ஹெட் எல்லையைத் தொட்டதும் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் அடக்கும் பகுதி) பிடித்து இறுக்கிவிடும், அல்லது கரகரவென்று வெட்டும். அதனால் 300 வாட் வால்வு ஆம்ப் தரும் அனுபவத்துக்கு டிரான்சிஸ்டரில் அதைவிடக் கணிசமாக அதிக வாட் தேவைப்படுகிறது. இரண்டாவது, பல எடை குறைந்த ஹெட்களில் 30, 40 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கும் ஒரு ஹை பாஸ் ஃபில்டரை (அதற்குக் கீழான அடிநாதத்தை வெட்டுவது) உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று வாசிக்கும்போது காலில் படும் அந்தக் கும்மென்ற அதிர்வு சற்றுக் குறையும். அது குறை இல்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி ஓமும் வாட்டும். 500 வாட் ஹெட் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது எத்தனை ஓமில் என்று முதலில் தேடுங்கள். ஆகிலார் டோன் ஹாமர் 500ஐ எடுத்துக்கொண்டால் 4 ஓமில் 500 வாட், 8 ஓமில் 250 வாட். மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3 என்றால் 4 ஓமில் 500, 8 ஓமில் 300. ட்ரேஸ் எலியட் எல்ஃப் 4 ஓமில் 200, 8 ஓமில் 130. உங்களிடம் இருப்பது 8 ஓம் கேபினெட். ஆக, 500 வாட் ஹெட் வாங்கினாலும் இன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது 250 முதல் 300 வாட்தான். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். வாட் பாதியானால் சத்தம் பாதியாவதில்லை, 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது கவனித்தால் தெரியும் அளவு மாற்றம். சத்தம் இரு மடங்கு என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். 500க்கும் 800க்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல். மேடையில் டிரம்மர் சற்று உற்சாகமானால் அது அப்படியே காணாமல் போய்விடும்.

இதே கணக்கை ஸ்பீக்கர் பக்கம் போட்டுப் பாருங்கள். அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகிறது. ஹெட் தன் முழு 500 வாட்டையும் கொடுக்கிறது, அதில் 3 டெசிபல். காற்றைத் தள்ளும் கோன் பரப்பு இரட்டிப்பாவதால் இன்னொரு 3 டெசிபல். கூட்டினால் 6 டெசிபல். வாட்டை மட்டும் வைத்து இதை எட்ட வேண்டுமென்றால் நான்கு மடங்கு பெரிய ஹெட் வேண்டும், அதைத் தாங்கும் ஸ்பீக்கரும் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் ஸ்பீக்கர் காதுக்கு அருகில் வரும், நடுநாதம் தெளிவாகக் கேட்கும், அதனாலேயே வால்யூமைக் குறைத்து வாசிக்க முடியும். ரிகர்சலுக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம், பெரிய நிகழ்ச்சிக்கு இரண்டு. எடை குறைந்த ஹெட்டின் பயனை முழுதாக எடுக்கும் வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஓமில் செய்யக்கூடாதவை சில. 8 ஓமும் 8 ஓமும் சேர்ந்தால் 4. 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2. 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67. ஹெட்டின் பின்பக்கத்தில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்றிருந்தால் கடைசி இரண்டும் கூடாது. ஹெட் உடனே எரியாது. ரிகர்சலில் ஓடும், நிகழ்ச்சியில் முழுச் சத்தத்தில் அரை மணி நேரம் போனதும் சூடாகி நின்றுவிடும். பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் சாக்கெட் இருப்பதால் இரண்டு 4 ஓம் பெட்டி போடலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு சாக்கெட்டும் உள்ளே பேரலலாகத்தான் இணைந்திருக்கின்றன. ஹெட்டிலிருந்து தனித்தனியாகப் போனாலும், ஒரு கேபினெட்டிலிருந்து அடுத்ததற்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். 8 ஓமையும் 4 ஓமையும் கலந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: மூன்றில் இரண்டு பங்கு சக்தி 4 ஓம் பெட்டிக்கே போய்விடும். கேபினெட்டின் ஓம் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் பெட்டி பெரும்பாலும் 5.5க்கும் 7க்கும் இடையிலும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.6 வரையும் காட்டும். மீட்டர் அளப்பது டிசி மின்தடை என்பதால் எண் குறைவாகத்தான் வரும்.

2 ஓம் தாங்கும் ஹெட்கள் தனி ரகம். மெசா சப்வே டி-800 அப்படி ஒன்று. சுமார் 2.5 கிலோ, 8 ஓமில் 400 வாட், 4 ஓமிலும் 2 ஓமிலும் 800 வாட். பின்பக்கம் 2 ஓமுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், இரண்டு 4 ஓம் பெட்டி போட்டால் அதை மாற்ற மறக்கக்கூடாது. வாடகைக்கு எந்தக் கேபினெட் கிடைக்கும் என்று தெரியாமல் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. உங்கள் நிலைமைக்கு அவசியமில்லை.

5 ஸ்ட்ரிங் வாசிப்பதால் ஹை பாஸ் ஃபில்டரை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். திறந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், திறந்த பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். ஈயிலிருந்து பிக்கு இறங்கினாலே அது ஏறக்குறைய 1.8 மடங்கு. முன்பக்கம் துளை வைத்த கேபினெட்டில், அது டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் பெட்டிக்குள் உள்ள காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, கோன் தாறுமாறாக ஆடும். கேபினெட்டின் பின்னால் 300 வாட் என்று எழுதியிருப்பது சூட்டைத் தாங்கும் அளவு. 40 ஹெர்ட்ஸில் அதே ஸ்பீக்கர் அதில் பாதிக்கும் குறைவான வாட்டிலேயே அசைவின் எல்லையைத் தொட்டுவிடலாம். அப்போது கேட்கும் 'டப் டப்' என்ற சத்தம் காயிலின் உருளை பின்தட்டில் இடிப்பது. தொடர்ந்து விட்டால் ஸ்பீக்கர் போய்விடும்.

31 ஹெர்ட்ஸ் வெட்டுப்பட்டால் பி ஸ்ட்ரிங் காணாமல் போகாது. நாம் கேட்பதில் பெரும்பகுதி 62, 93 ஹெர்ட்ஸில் இருக்கும் மேல்நாதங்கள்தான். காது அவற்றை வைத்தே அடிநாதத்தை உணர்ந்துகொள்ளும். அதனால் 35 முதல் 45 ஹெர்ட்ஸுக்குள் வெட்டும் ஃபில்டர், முடிந்தால் நாப் வைத்து மாற்றக்கூடியது, உள்ள ஹெட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லாத ஹெட்டை ஏற்கெனவே விரும்பிவிட்டால் தனி ஃபில்டர் பெடல் ஒன்றை எஃபெக்ட்ஸ் லூப்பில் (பெடல்களை இணைக்க ஹெட்டில் உள்ள சாக்கெட்கள்) போட்டுக்கொள்ளலாம். எஃபெக்ட்ஸ் லூப்பே ஹெட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய விஷயம் பேஸ் நாப். அதை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் ஹெட் நான்கு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 12 டெசிபல் ஏற்றினால் 16 மடங்கு. வீட்டில் மெதுவாக வாசித்து அழகாக அமைத்த ஈக்யூ (பேஸ், நடு, மேல் நாதங்களின் அளவு), மேடையில் ஹெட்டை மூச்சுமுட்ட வைப்பது இதனால்தான். 500 வாட் ஹெட் சத்தம் போதவில்லை என்று புகார் சொல்பவர்களிடம் பேஸ் நாப் எங்கே நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று மணிக்கு நிற்கும். அதை நேராக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுநாதத்தைச் சிறிது ஏற்றினாலே கிட்டார், கீபோர்டு சத்தத்துக்கு நடுவில் பேஸ் துலங்கிவிடும். அதனால் நடுநாதத்தின் அதிர்வெண்ணை மாற்ற ஒரு நாப் இருப்பது, பத்துப் பட்டை கிராஃபிக் ஈக்யூவை விடப் பயனுள்ளது.

டிஐயைப் பற்றி வாங்கும்போது யாரும் விசாரிப்பதில்லை, நிகழ்ச்சியில் முதல் சண்டை அங்கேதான் வரும். கூட்டம் கேட்பது உங்கள் கேபினெட்டை இல்லை, மிக்சர் வழியாகப் போகும் பேஸைத்தான். ஹெட்டின் டிஐ சாக்கெட்டான எக்ஸ்எல்ஆர் அவுட் அருகில் இவை இருக்க வேண்டும்: ப்ரீ, போஸ்ட் சுவிட்ச் (சிக்னலை ஈக்யூவுக்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா), கிரவுண்ட் லிஃப்ட் (டிஐ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது), சிக்னலைக் குறைக்க ஒரு பேட் அல்லது லெவல் நாப். போஸ்ட்டில் இருந்தால், மேடையில் அறைக்குத் தக்கபடி நீங்கள் ஈக்யூவைத் திருகும் ஒவ்வொரு முறையும் வெளியே ஸ்பீக்கர்களில் பேஸ் மாறும். சவுண்ட் இன்ஜினியர் அதைச் சரிசெய்ய, நீங்கள் மறுபடி திருக, முடிவே இருக்காது. ஹெட்டின் ஓவர்டிரைவ் (வேண்டுமென்றே ஒலியைக் கரகரப்பாக்குவது) உங்கள் பாணியின் பகுதி என்றால் தவிர ப்ரீயிலேயே வைத்துவிடுங்கள். ஓவர்டிரைவுடன் டிஐ அனுப்புபவர்கள், அதில் கேபினெட் சிமுலேஷன் (கேபினெட் வழியாகக் கேட்பதுபோல ஒலியை மாற்றுவது) உள்ள ஹெட்டா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் நேராக மிக்சருக்குப் போகும் டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம் போல ரீங்கரிக்கும்.

ஹம் (மின் இணைப்பால் வரும் தொடர் ரீங்காரம்) வந்தால் முதலில் கிரவுண்ட் லிஃப்டை அழுத்துங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஹெட்டில் மின்கசிவு ஏற்பட்டால் அது உங்கள் ஸ்ட்ரிங் வழியாக விரலுக்கும், மைக்கைத் தொடும்போது உதட்டுக்கும் வரும். இன்னொன்று, மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்) எல்லாச் சேனலுக்கும் ஒரே சுவிட்சில் போயிருக்கலாம். சில ஹெட்களின் டிஐ அதைப் பொருட்படுத்தாது, சிலவற்றில் இரைச்சல் வரும், சிலவற்றில் அவுட்புட் பகுதி பழுதாகும். ஹெட்டின் கையேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கும், வாங்கும் முன் அதைப் படியுங்கள். எப்படி இருந்தாலும் கேபிளைச் செருகும்போதும் உருவும்போதும் ஹெட்டில் மியூட், மிக்சரில் ஃபேடர் கீழே.

அடுத்தது மின்சாரம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஹெட் மலிவு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லா ஸ்விட்ச் மோட் சப்ளையும் 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்றுக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. சில மாடல்கள் அப்படி. சிலவற்றில் பின்பக்கம் 115/230 சுவிட்ச் உண்டு. சிலவற்றில் உள்ளே ஜம்பரை மாற்ற வேண்டும். இன்னும் சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே. பின்தட்டில் அச்சிட்டிருப்பதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்த பிறகு பணம் கொடுங்கள். 115இல் இருக்கும் ஹெட்டை 230இல் செருகினால் ஃப்யூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் சப்ளையின் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து போகும். தட்டை பின் பிளக்கை நம் சாக்கெட்டுக்கு மாற்றும் மலிவான கன்வெர்ட்டர்களில் பல எர்த்தை இணைப்பதே இல்லை. அதற்குப் பதில் கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் பவர் கேபிளை இங்கேயே வாங்கிவிடுங்கள், பெரும்பாலான ஹெட்களுக்கு அதே சாக்கெட்தான்.

திருவிழா மேடையோ திறந்தவெளி நற்செய்திக் கூட்டமோ, ஜெனரேட்டரில் ஓடும் இடங்களில் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்போது வோல்டேஜ் இறங்கி ஏறும். தானாக ஏற்றுக்கொள்ளும் சப்ளை உள்ள ஹெட் இதைப் பெரும்பாலும் சமாளிக்கும். சுவிட்ச் வைத்து மாற்றும் வகையில் வோல்டேஜ் குறைந்தால் வாட்டும் குறையும், ஓரளவுக்கு மேல் இறங்கினால் ஹெட் தன்னை அணைத்துக்கொள்ளும். ஆகவே நம் ஊர் மேடைகளுக்கு முதல் வகைக்கே என் ஓட்டு. விளக்கு டிம்மர் போகும் லைனிலிருந்து பேஸ் ஆம்ப்புக்கு எடுக்காதீர்கள், மிக்சருக்குப் போகும் லைனிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். ஹம்மில் பாதி அத்தோடு போய்விடும். 500 வாட் ஹெட் என்றவுடன் சுவர் சாக்கெட் தாங்குமா என்று பயப்பட வேண்டியதில்லை. இசையில் சராசரியாக வெளிவரும் சக்தி உச்சத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். ஹெட் சராசரியாக இழுப்பது நூறு வாட் சுற்றுவட்டாரம். சாதாரண 6 ஆம்ப் பாயிண்ட் தாராளம். பின்தட்டில் எழுதியுள்ள அதே அளவு, அதே ஸ்லோ புளோ வகை ஃப்யூஸ் இரண்டைப் பையில் போட்டு வையுங்கள்.

ஸ்பீக்கர் கேபிள் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் முனையில் ஒரே ஜாக் என்பதால் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கிட்டார் கேபிளின் நடுக்கம்பி முடி போன்றது. சக்தியைத் தின்னும், சூடாகும், உருகி ஷார்ட் ஆனால் ஹெட்டுக்கும் ஆபத்து. இரண்டு கோர், ஒவ்வொன்றும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஒன்றரை மீட்டர் நீளம், இரு முனையிலும் ஸ்பீகான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் பிளக்). நான்கு முனை ஸ்பீகானில் 1+ க்கும் 1− க்கும் மட்டும் ஒயர் போதும். திருகிப் பூட்டும் வரை விடாதீர்கள், பாதியில் நிற்கும் பிளக் பாட்டு நடுவில் விட்டுப் போகும்.

கிளாஸ் டி ஹெட்டில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: பல மாடல்களில் ஸ்பீக்கர் அவுட்டின் மைனஸ் முனை எர்த்துடன் இணைந்திருக்காது. இரண்டு முனையிலுமே சிக்னல் இருக்கும். அதனால் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து டிஐ பாக்ஸுக்கோ மிக்சருக்கோ எடுத்தால், அல்லது மெட்டல் ஜாக் ரேக்கின் இரும்பில் பட்டால், அது ஷார்ட்டுக்குச் சமம். அதேசமயம் வால்வு ஆம்ப் போல ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்தால் கெட்டுப்போகும் என்ற பயம் இதில் இல்லை. கேபினெட் இல்லாமல் ஹெட்போனிலோ டிஐயிலோ மட்டும் வாசிக்கலாம். இயர் மானிட்டரும் எலக்ட்ரானிக் டிரம்ஸும் வைத்த சர்ச்சுகளில் வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. உங்கள் நிகழ்ச்சிகள் எல்லாமே அப்படித்தான் என்றால் ஹெட்டே வேண்டாம், நல்ல ப்ரீஆம்ப் டிஐ பெடல் ஒன்று போதும்.

சின்ன ஹெட்டுக்கே உரிய ஒரு தொல்லை, அது நகர்ந்து விழுவது. 2 கிலோ பெட்டி, பின்னால் கனமான மூன்று கேபிள், கீழே அதிரும் கேபினெட். பி ஸ்ட்ரிங்கில் நீளமாக ஒரு நோட் பிடித்தால் மெல்ல ஊர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். சமையலறை அலமாரியில் விரிக்கும் ரப்பர் வலைப்பாயை ஹெட்டின் அளவுக்கு வெட்டிக் கீழே போடுங்கள். கேபிள்களை கேபினெட்டின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செருகுங்கள், யார் கால் தடுக்கினாலும் இழுவை ஹெட்டுக்கு வராது. ஃபேன் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது, எந்தப் பக்கம் விடுகிறது என்று ஒருமுறை கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பாட்டு வரிசைத் தாளோ துண்டோ கிடக்கக்கூடாது. மே மாத வெயிலில் பந்தல் மேடையில் சூட்டில் நின்றுபோகும் ஹெட்களில் பெரும்பாலானவை இப்படி மூச்சடைத்தவைதான். வருடம் ஒருமுறை ஃபேன் கம்பிவலையில் உள்ள தூசியை பிரஷ்ஷால் தட்டினால் போதும். மூடியைத் திறந்து துடைக்க வேண்டாம். 230 வோல்ட்டை டிசியாக்கிய கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் வரை இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

பழுது என்று வந்தால் இவற்றின் குணமே வேறு. பழைய கிளாஸ் ஏபி ஹெட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் ஊரில் உள்ள ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் மாற்றிவிடுவார். கிளாஸ் டியில் பவர் பகுதி ஒரு முழு போர்டாக வருகிறது. ஐஸ்பவர் போன்ற நிறுவனங்களின் மாட்யூல்களையே பல பிராண்டுகள் வாங்கிப் பொருத்துகின்றன. அது போனால் போர்டையே மாற்ற வேண்டும், சில சமயம் அதன் விலை ஹெட்டின் விலையில் பாதியைத் தொடும். இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனையாளர் உள்ள பிராண்டா, வாரண்ட்டி காலத்தில் எங்கே அனுப்புவார்கள், எத்தனை வாரம் ஆகும் என்று கடையில் எழுத்தில் கேளுங்கள். நிகழ்ச்சிதான் வருமானம் என்றால் ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது சர்வீஸ் கிடைக்கும் ஹெட்டையே வாங்குங்கள்.

மாடல்களில் குணம் எப்படி வேறுபடுகிறது என்று சுருக்கமாக: டோன் ஹாமர் 500 சுமார் 1.8 கிலோ. அதன் டிரைவ் நாப் கூட்டக் கூட்ட மேல்நாதம் மழுங்கி வட்டமான, கதகதப்பான ஒலியாகும். மெல்லிசைக்கும் சோல் இசைக்கும் அருமை, கூர்மையான ஸ்லாப் விரும்புவோருக்குச் சற்று மந்தமாகத் தோன்றும். லிட்டில் மார்க்கில் இரண்டு ஃபில்டர் நாப்கள் உண்டு. ஒன்று 380 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள நடுநாதத்தைக் குழிக்கும், மற்றது மேல்நாதத்தைப் பழைய ஸ்பீக்கர் போல மழுக்கும். இரண்டையும் பூஜ்யத்தில் வைத்தால் நேரான, தெளிவான ஒலி. நடுவைக் குழிக்கும் அந்த நாப்பை மேடையில் தொடாமல் இருப்பதே நல்லது. தனியாகக் கேட்க அழகாக இருக்கும், பாட்டுக்குள் பேஸ் மறைந்துபோகும். டார்க்கிளாஸ் மைக்ரோட்யூப்ஸ் வகை ஓவர்டிரைவுக்காகவே பிறந்தது, மெட்டல் வாசிப்பவர்களுக்கு. எல்ஃப் முக்கால் கிலோதான், பேஸ் பையின் முன் ஜிப்பில் போய்விடும். டிரம்ஸ் மெதுவாக ஒலிக்கும் ரிகர்சலுக்கும், அவசரத்துக்கு இரண்டாவது ஹெட்டாகவும் வைத்துக்கொள்ளத் தகுந்தது. முழு டிரம் செட்டுக்கு எதிரே ஒரே 8 ஓம் கேபினெட்டில் அதை நம்ப வேண்டாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேஸையும், முடிந்தால் உங்கள் கேபினெட்டையும் எடுத்துப் போங்கள். கடையில் உள்ள நான்கு 10 இஞ்ச் கேபினெட்டில் எந்த ஹெட்டும் அற்புதமாகத்தான் கேட்கும். எல்லா ஈக்யூவையும் நேராக்கி, வலுவாக அடிக்கும்போது கிளிப் லைட் (சிக்னல் எல்லை மீறுவதைக் காட்டும் விளக்கு) எப்போதாவது மின்னும் வரை கெயினை ஏற்றி, சற்றுக் குறைத்து, பிறகு மாஸ்டரை ஏற்றுங்கள். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளது) என்றால் அதற்கான பேட் சுவிட்ச் தேவைப்படலாம். ரிகர்சல் சத்தத்தில் பி ஸ்ட்ரிங்கைப் பத்து நிமிடம் வாசியுங்கள். நோட் தொடங்கியதும் சத்தம் உள்வாங்கி மீண்டும் எழுந்தால் லிமிட்டர் முந்திப் பிடிக்கிறது என்று பொருள். வாசிப்பதை நிறுத்தி ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், சின்ன அறையிலோ ஸ்டூடியோவிலோ அது எரிச்சலூட்டும். ஒரு மிக்சரைக் கேட்டு வாங்கி டிஐயைச் செருகி, ப்ரீயிலும் போஸ்ட்டிலும் இரைச்சலைக் கேளுங்கள். மாஸ்டரைக் குறைத்தால் டிஐ சத்தம் குறைகிறதா என்றும் பாருங்கள், குறையக்கூடாது.

பழையது வாங்குவதென்றால் இன்னும் சில. வோல்டேஜ் சுவிட்ச் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். மூடி ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். இன்புட் ஜாக்கில் பிளக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். சின்ன ஹெட்களில் ஜாக் நேராக போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், விரிசல் விட்டால் அசைக்கும்போது சத்தம் விட்டு விட்டு வரும். ஸ்பீகானைச் செருகி, அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓட விட்டு, மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடும், கருகிய வாடையும், சுற்றாத ஃபேனும் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.